நிகழ்வாய்வையும் இணைய வளங்களையும் சேர்த்து ஒரு பாடத்தை நடத்துவது எப்படி?

திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்குக் கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்களும் பணியில் புதிதாகச் சேரும் ஆசிரியர்களும் நிகழ்வாய்வு வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கும்போது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். அவர்கள் முதலில் யூடியூபைத் திறக்கிறார்கள். நல்ல காணொளி ஒன்று கிடைத்ததும் அதற்கேற்ற நிகழ்வைத் தேடுகிறார்கள். கடைசியில் இரண்டையும் பாடத்தோடு ஒட்டவைக்கப் பார்க்கிறார்கள். வகுப்பு சுவையாகப் போகிறது, ஆனால் மறுநாள் கேட்டால் மாணவர்களுக்குக் காணொளிதான் நினைவிருக்கிறது, பாடம் இல்லை. கீழே உள்ள வரிசை அதைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது: கேள்வி, நிகழ்வு, அந்த நிகழ்வை மாணவருக்கு எழுதிக் கொடுக்கும் தாள், அதற்குப் பிறகுதான் இணையம்.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலிலேயே தீர்த்துக்கொள்வது நல்லது. பி.எட். உளவியல் தாளில் வரும் ‘தனியாள் ஆய்வு’ ஒரு மாணவரைப் பற்றி ஆசிரியர் செய்வது. இங்கே சொல்லப்படும் நிகழ்வாய்வு, உண்மையில் நடந்த ஒரு சிக்கலை மாணவர்கள் முன் வைத்து, அவர்களையே ஆதாரம் பார்த்து முடிவெடுக்கச் செய்வது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘கேஸ் ஸ்டடி’ என்றே பெயர் இருப்பதால், ஒரு மாணவனின் குடும்ப விவரங்களை எழுதிக்கொண்டு வந்து நின்ற பயிற்சி ஆசிரியர்களும் உண்டு.

வழிகாட்டி முழுவதற்கும் ஒரே எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்கிறேன்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவிய நிகழ்வு. பாடம், ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் வரும் பாய்மங்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அடுத்தடுத்த இரண்டு நாட்களில் ஒவ்வொரு பாடவேளை வேண்டும். ஒரே பாடவேளையில் முடிக்க முயன்றால், மாணவர்கள் வாதிடத் தொடங்கும் நேரத்தில் மணி அடித்துவிடும். இரண்டு பாடவேளைகளையும் ஒரே நாளில் வாங்குவதும் சரிப்படாது, ஏனென்றால் இடையில் ஓர் இரவு வீட்டில் பேசிவிட்டு வரும் மாணவர்கள் புதிய ஆதாரத்தோடு வருகிறார்கள்.

இவை தவிர, பாடநூல், ஒரு பென் டிரைவ், தாள்களை ஜெராக்ஸ் எடுக்கச் சிறு தொகை, உயர்தொழில்நுட்ப ஆய்வகத்திலோ வீட்டிலோ இணையத்தோடு உட்கார இரண்டு மணி நேரம் ஆகியவை போதும். வகுப்பறையில் இணையம் இருக்கும் என்று எந்தப் படியிலும் நம்ப வேண்டாம்.

2. பாடத்திலிருந்து ஒரு கேள்வியை எடுத்தல்

நிகழ்வைப் பற்றி யோசிக்கும் முன், பாடத்தின் எந்தக் கருத்து மாணவர் கையில் கருவியாக மாற வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் அந்த வரி: ‘அடர்த்தி குறைந்த திரவம் நீரின் மேல் மிதந்து பரவும்.’

அடுத்து, அந்தக் கருவி இல்லாமல் விடை சொல்ல முடியாத ஒரு கேள்வியை உருவாக்குங்கள். ‘எண்ணெய்க் கசிவு நல்லதா, கெட்டதா?’ என்பது கேள்வியே அல்ல; பாடநூலைத் திறக்காத மாணவரும் அதற்கு விடை சொல்லிவிடுவார். நான் பயன்படுத்தும் கேள்வி இது: ‘உங்கள் குப்பத்தின் பைபர் படகுகளை எண்ணெய் அள்ளும் வேலைக்கு அனுப்புவீர்களா? அனுப்பினால் எந்த நிபந்தனைகளோடு, எத்தனை நாட்களுக்குள்?’ எண்ணெய் எவ்வளவு காலம் மிதக்கும், எது ஆவியாகும், எது சேற்றோடு கலந்து அடியில் தங்கும் என்பவை தெரியாமல் ‘எத்தனை நாட்களுக்குள்’ என்பதற்கு விடை எழுத முடியாது. பாடம் உள்ளே வரும் வாசல் அந்த இரண்டு சொற்கள்தான்.

கேள்வியைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தத் துறை தெரியாத சக ஆசிரியர் ஒருவரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் தயங்காமல் விடை சொல்லிவிட்டால், கேள்வியை மாற்றுங்கள்.

3. நிகழ்வைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல நிகழ்வுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்க வேண்டும்; தேதியும் எண்ணும் பொதுப் பதிவில் கிடைக்க வேண்டும்; மாணவருக்கு அந்த இடம் தெரிந்திருக்க வேண்டும். காசிமேட்டிலிருந்து வரும் மாணவருக்கு அமெரிக்க நிறுவனத்தின் கதை எத்தனை நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும் அதில் அவர் பார்வையாளர்தான்.

வடசென்னையில் நிகழ்வுக்குப் பஞ்சமில்லை. பதினொன்றாம் வகுப்புப் பொருளியலில் தேவை, அளிப்பு நடத்துபவர், கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வஞ்சிரத்தின் விலையை எடுக்கலாம். கணிதத்தில் சராசரி நடத்துபவர், மணலி, ராயபுரம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் உள்ள காற்றுத் தரக் கண்காணிப்பு நிலையங்களின் அளவீடுகளை எடுத்து, பிஎம் 2.5 நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரி வரம்பாக இந்தியாவில் உள்ள கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமோடு ஒப்பிடச் சொல்லலாம். வரலாற்றுக்கு, 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிய பெரம்பூர்ப் பகுதியே இருக்கிறது.

அண்மையில் நடந்து இன்னும் ஆறாத நிகழ்வுகளை எடுக்கும்போது ஒரு தயக்கம் இருப்பது இயல்பு. அந்தத் தயக்கம் தேவையானதும்கூட. அதை எட்டாம் பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

4. தாள் எழுதுதல்: முடிவெடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். இருபக்கமும் அச்சிட்ட ஒரே ஏ4 தாளில் நிகழ்வு அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் வகுப்பில் பாதிப் பேர் படித்து முடிக்கும் முன்னரே விவாதம் தொடங்கிவிடும்.

தாளை ஒரு மனிதரின் காலைப்பொழுதிலிருந்து தொடங்குங்கள். ‘டிசம்பர் 2023, இரண்டாவது வாரம். புயல் 5ஆம் தேதி ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. வெள்ளம் வடிகிறது. கொசஸ்தலையாறும் பக்கிங்காம் கால்வாயும் கலக்கும் இடத்தில் தண்ணீரின் மேல் கறுப்புப் படலம். வலையும் படகும் பிசுபிசுப்பாக இருக்கின்றன.’ அடுத்து, முடிவெடுக்க வேண்டியவர் யார், அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பதைச் சொல்லுங்கள். அவருக்கு அன்று தெரியாததைத் தாளில் எழுதக் கூடாது. பின்னால் வந்த பசுமைத் தீர்ப்பாய உத்தரவு, நிவாரணத் தொகை, யார் மேல் குற்றம் என்ற முடிவு ஆகியவை மாணவருக்கும் இப்போதைக்குத் தெரியக் கூடாது.

முடிவைத் தாளிலேயே சொல்லிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரும் பிழை. செய்தித்தாள் கட்டுரையை அப்படியே சுருக்குவதால் இது நேர்கிறது, ஏனென்றால் செய்தி முடிவிலிருந்து தொடங்குவது. முடிவு தெரிந்த மாணவர் அதற்கு ஏற்ற காரணங்களைத் தேடுவார். தெரியாதவர்தான் காரணங்களிலிருந்து முடிவுக்கு வருவார். நானே முதல் முறை நடத்தியபோது, தாள் கொடுப்பதற்கு முன் முழுக் காணொளியையும் போட்டுக் காட்டிவிட்டு, ஏன் யாருமே பேசவில்லை என்று விழித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

எண்களைத் தாளின் நடுவில் ஒரே இடத்தில் வையுங்கள். கடல்நீரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.025 கிராம், மண்ணெண்ணெயின் அடர்த்தி சுமார் 0.8 கிராம், கச்சா எண்ணெய் பெரும்பாலும் 0.8க்கும் 0.95க்கும் இடையில் நிற்கும். இதோடு, இலேசான பகுதிகள் விரைவில் ஆவியாகும், அந்த ஆவியைச் சுவாசிப்பது தீங்கு, கனமான பகுதி வண்டலோடு சேர்ந்தால் மூழ்கும் என்ற மூன்று செய்திகளும் போதும். அதற்கு மேல் சேர்த்தால் தாள் பாடநூலாகிவிடும்.

கடைசி வரி கேள்வியாக இருக்க வேண்டும். அதன் கீழே அரைப் பக்கம் வெற்றிடம் விடுங்கள். வெற்றிடம் இருந்தால்தான் மாணவர் எழுதுவார்.

5. இணைய வளங்கள்: மூன்றுக்கு மேல் வேண்டாம்

தாள் தயாரான பிறகு அதை மீண்டும் படித்து, எழுத்தால் காட்ட முடியாத இடங்களைக் கோடிடுங்கள். அந்த இடங்களுக்கு மட்டும் இணையத்தைத் தேடுங்கள். பதினொரு இணைப்புகளை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிய ஓர் ஆசிரியரின் வகுப்பில், எல்லாவற்றையும் திறந்து பார்த்தவர் ஒருவர்கூட இல்லை.

எண்ணூர்த் தாளுக்கு நான் வைத்துக்கொள்வது மூன்று. முதலாவது, கூகுள் எர்த்தில் முகத்துவாரத்தின் படம், பழைய ஆண்டுகளின் படங்களோடு. நீர் எந்தப் பக்கமாகக் கடலுக்குப் போகிறது, காட்டுக்குப்பமும் முகத்துவாரக் குப்பமும் எங்கே இருக்கின்றன என்பதை வரைந்து காட்டுவதைவிட இது தெளிவு. இரண்டாவது, கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் தளத்தில் உள்ள அடர்த்தி பற்றிய உருவகப்படுத்தல். நிறையையும் கன அளவையும் மாணவரே மாற்றிப் பார்க்கலாம். மூன்றாவது, இரண்டு நிமிடங்களுக்கு மேற்படாத ஒரு செய்திக் காணொளித் துண்டு, அதுவும் இரண்டாம் நாளுக்கு மட்டும்.

பாடக் கருத்தை மீண்டும் விளக்க வேண்டியிருந்தால், பாடநூலிலேயே உள்ள கியூஆர் குறியீட்டின் வழியாகத் திறக்கும், அரசின் இணையக் கல்வித் தளமான திக்‌ஷா பாடங்கள், கல்வித் தொலைக்காட்சியின் பதிவுகள் ஆகியவை முதல் தேர்வாக இருக்கட்டும். அவை நம் பாடத்திட்டத்தின் கலைச்சொற்களையே பயன்படுத்துகின்றன. மேல்நிலை மாணவர்களுக்கும் ஆசிரியரின் சொந்தப் படிப்புக்கும் என்பிடெல், ஸ்வயம் ஆகிய இணையப் பாடத் தளங்கள் உதவும். ஒன்பதாம் வகுப்பில் அவற்றைப் போட்டுக் காட்ட வேண்டாம். பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது.

6. சரிபார்த்தலும் உரிமையும்

எண்ணூரில் 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியதிலும் எண்ணெய் கொட்டியது. அப்போது கரையில் வாளியால் எண்ணெய் அள்ளிய படங்கள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. 2023 நிகழ்வுக்கான தாளில் 2017 படத்தை ஒட்டிக்கொண்டு வருவது நான் அடிக்கடி காணும் பிழை. படத்தைத் தலைகீழ்த் தேடலில் (படத்தையே கொடுத்து அது வெளியான இடங்களைத் தேடும் வசதி) இட்டு, அது முதன்முதலில் வெளியான தேதியைப் பாருங்கள். கடற்கரைப் பாறையும் அலையும் தெரிந்தால் ஐயப்படுங்கள். 2023இல் பெரும் பாதிப்பு முகத்துவாரத்தின் உட்பகுதியில் இருந்தது.

செயற்கைக்கோள் படத்திலும் இதே கவனம் வேண்டும். சாம்பல் நிறத்தில் தெரியும் பரப்பை எண்ணெய் என்று சுட்டிக்காட்டிய பயிற்சி ஆசிரியரிடம், ‘அது பவர் ஹவுஸ் சாம்பல் குட்டை சார்’ என்று பின் வரிசை மாணவர் ஒருவர் திருத்தினார். படத்தின் தேதியைத் திரையின் ஓரத்தில் பார்த்துத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதி நிகழ்வுக்கு முந்தையதாக இருந்தால் அதை வரைபடமாக மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆங்கிலக் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பில் போட்டு எடுத்தால், வரிக்கு வரி நீங்களே திருத்த வேண்டும். ‘கிரீக்’ என்ற ஆங்கிலச் சொல்லால் முகத்துவாரம் ‘சிற்றோடை’யாக மாறியிருந்த ஒரு தாளைப் படித்துவிட்டு, அங்கேயே வாழும் மாணவர்கள் ‘எந்த ஓடை?’ என்று கேட்டார்கள்.

உரிமை பற்றிச் சுருக்கமாக: 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில், கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுக்க இடம் தருகிறது. வகுப்புக்குள் கொடுக்கும் தாளுக்கு அது பொருந்தும். அதே தாளை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் ஏற்றுவது வேறு விஷயம். அப்படி ஏற்ற எண்ணமிருந்தால் விக்கிமீடியா காமன்ஸில் உள்ளதுபோல் உரிமம் வெளிப்படையாக எழுதப்பட்ட படங்களையே எடுத்து, எடுத்தவர் பெயரையும் உரிமத்தையும் அருகிலேயே போடுங்கள்.

7. வளங்களைக் கைக்குள் கொண்டுவருதல்

ஃபெட்டின் புதிய உருவகப்படுத்தல்களை ஒரே கோப்பாகப் பதிவிறக்கி, இணையம் இல்லாமல் உலாவியில் திறக்கலாம். கூகுள் எர்த் காட்சியைத் திரைப்பிடிப்பாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்துச் சேமியுங்கள். செய்திக் கட்டுரையைப் பிடிஎஃப் ஆக, முகவரியும் தேதியும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்த ஆண்டு அந்த இணைப்பு திறக்கும் என்பதற்கு உறுதியில்லை. யூடியூப் காணொளியைச் செயலியின் ஆஃப்லைன் வசதியில் சேமித்து, உங்கள் கைபேசியிலிருந்தே புரொஜெக்டருக்கு அனுப்பிப் பழகிக்கொள்ளுங்கள். நேரலையில் போட்டால் எண்ணெய் படிந்த கூழைக்கடாவுக்கு முன்னால் சோப்பு விளம்பரம் வந்து நிற்கும்.

மாணவர்களை வீட்டில் பார்க்கச் சொல்வதற்கு முன், வீட்டில் எத்தனை கைபேசிகள், அவை எந்த நேரத்தில் யார் கையில் இருக்கின்றன என்று கேளுங்கள். விடியற்காலையில் கடலுக்குப் போகும் அப்பாவோடு கைபேசியும் போய்விடும். மாலையில் அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும். ஆகவே வீட்டுப் பணி இணையம் இல்லாமலும் முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களைப் புதிய தளங்களில் கணக்குத் தொடங்கச் சொல்ல வேண்டாம். ஆசிரியரின் ஒரு கணக்கே போதும்.

மின்சாரம் போனாலும் வகுப்பு நிற்காதபடி, ஒவ்வொரு திரைப்பிடிப்பையும் ஒரு தாளில் அச்சிட்டு வைத்திருங்கள்.

8. முந்தைய நாள்: யார் வீட்டுக் கதை இது?

எண்ணூர் நிகழ்வை நம் பகுதியில் எடுத்தால், வலை பாழான வீட்டின் பிள்ளையும், மணலித் தொழிற்சாலை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளராக இருப்பவரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இதை நினைக்காமல் ‘உன் அப்பா அன்று என்ன செய்தார், எழுந்து சொல்’ என்று கேட்பது அந்தப் பிள்ளையைக் காட்சிப்பொருளாக்குவது. அனுபவத்தைச் சொல்ல விரும்பும் மாணவர் தாமாகவே சொல்வார். நாம் கேட்க வேண்டியதில்லை.

நான் பின்பற்றுவது இது. முந்தைய நாள், பாதிக்கப்பட்ட குப்பங்களிலிருந்து வருபவர்களிடம் தனித்தனியே, வகுப்புக்கு வெளியில், நாளை இதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். பேச விருப்பமில்லாதவருக்குக் குறிப்பெழுதும் பொறுப்பையோ நேரம் பார்க்கும் பொறுப்பையோ கொடுக்கிறேன். இரண்டாம் நாள் ஊர்க்கூட்டத்துக்கான பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கித்தான் பிரிக்கிறேன்: படகு வைத்திருப்பவர், மீன் விற்கும் பெண், சுகாதாரப் பணியாளர், ஆலைப் பொறியாளர், வருவாய்த் துறை அலுவலர். சீட்டில் வந்த பாத்திரம் என்பதால், ஆலைப் பொறியாளராகப் பேசிய மீனவர் வீட்டுப் பிள்ளையை யாரும் வெளியில் கேலி செய்வதில்லை.

தாளில் எந்த நிறுவனத்தின் மேலும் குற்றம் சாட்டும் சொல்லை நீங்களாக எழுதாதீர்கள். பொது ஆவணம் சொல்வதை ஆவணத்தின் சொல்லாக இரண்டாம் நாள் காட்டுங்கள்.

9. வகுப்பில் நேரப் பங்கீடு

முதல் நாள், முதல் பத்து நிமிடங்கள் அமைதியாகத் தாளைப் படிக்கவும், ஒவ்வொருவரும் தம் முடிவை ஒரு வரியில் எழுதவும் விடுங்கள். எழுதாமல் குழுவுக்குள் அனுப்பினால், முதலில் பேசுபவரின் முடிவே குழுவின் முடிவாகிவிடும்.

அடுத்த பதினைந்து நிமிடங்கள் குழு. பெஞ்சுகளை நகர்த்த நேரம் செலவிட வேண்டாம். முன் பெஞ்சில் இருப்பவர்கள் திரும்பி உட்கார்ந்தால் ஐந்தாறு பேர் கொண்ட குழு தானாக அமையும். இந்த நேரத்தில் ஆசிரியர் விடை சொல்லக் கூடாது. ‘தாளில் எந்த வரியை வைத்து அப்படிச் சொல்கிறாய்?’ என்ற ஒரே கேள்வியோடு சுற்றி வந்தால் போதும். மீதி நேரத்தில் வரைபடத்தையும் அடர்த்தி உருவகப்படுத்தலையும் காட்டி, ‘இப்போது முடிவை மாற்ற விரும்புபவர்கள் யார்?’ என்று கேளுங்கள். முதலிலேயே காட்டியிருந்தால் வெறும் வேடிக்கையாகப் போயிருக்கும் படம், முடிவெடுத்துவிட்டு ஐயத்தோடு இருப்பவருக்கு ஆதாரமாகிறது.

இரண்டாம் நாள், பாத்திரங்களாக இருபது நிமிட ஊர்க்கூட்டம். பேச்சு அறிவியலை விட்டு விலகிச் சண்டையாகப் போனால் நிறுத்தாதீர்கள். கரும்பலகையில் ‘அடர்த்தி, ஆவியாதல், வண்டல்’ என்று எழுதி, அடுத்துப் பேசுபவர் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று விதி வையுங்கள்.

10. உண்மையில் நடந்ததைச் சொல்லுதல்

ஊர்க்கூட்டம் முடிந்த பிறகே காணொளித் துண்டைப் போடுங்கள். மீனவர்களே தங்கள் படகுகளில் போய் எண்ணெயை அள்ளினார்கள் என்பதும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து வழக்கை எடுத்தது என்பதும் இப்போது தெரியவரும். உண்மையில் நடந்ததை ‘சரியான விடை’ என்று அறிவிக்காதீர்கள். ‘இதைவிட உங்கள் நிபந்தனைகள் நன்றாக இருந்தனவா?’ என்று கேளுங்கள்.

நிவாரண எண்களைக் கணக்காகக் கொடுக்கலாம். பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. கூட்டினால் 8 கோடியே 68 லட்சத்து 82 ஆயிரத்து 500 வரும். செய்திகளில் ‘8.68 கோடி’ என்று வந்ததை மாணவர்களே சரிபார்த்துக்கொள்ளும்போது, எண்ணைக் கேட்டுக்கொள்வதற்கும் கூட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு அவர்களுக்குப் புரிகிறது. ஒரு படகுக்குப் பத்தாயிரம் போதுமா என்ற பேச்சு உடனே எழும். அதற்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி வைத்திருங்கள்.

11. மதிப்பெண்

எந்த முடிவை எடுத்தார் என்பதற்கு மதிப்பெண் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆசிரியரின் முகத்தைப் பார்த்து விடை எழுதுவார்கள். அரைப் பக்க விடைக்குப் பத்து மதிப்பெண் என்றால், தாளில் உள்ள ஆதாரத்தைச் சுட்டியதற்கு நான்கு, பாடக் கருத்தைச் சரியாகப் பயன்படுத்தியதற்கு மூன்று, எதிர்த்தரப்பின் ஒரு காரணத்துக்கு விடை சொன்னதற்கு மூன்று என்று பிரிக்கிறேன். எழுத்துப் பிழைக்குக் குறைப்பதில்லை. திருத்தி மட்டும் கொடுக்கிறேன்.

முதல் நாள் எழுதிய ஒரு வரியையும் இந்த விடையோடு பின் போட்டு வாங்குங்கள். முடிவு மாறியிருந்தால் ஏன் மாறியது என்பது விடையில் தெரிய வேண்டும்.

12. தாளைத் திருத்தி வைத்தல்

வகுப்பு முடிந்த அன்றே, மாணவர்கள் எந்த வரியில் குழம்பினார்கள், எந்த எண்ணை யாருமே பயன்படுத்தவில்லை என்று தாளின் ஓரத்தில் குறியுங்கள். பயன்படுத்தப்படாத எண்ணை நீக்குங்கள். கோப்பின் பெயரில் மாதத்தையும் ஆண்டையும் சேருங்கள். தீர்ப்பாய வழக்கு, நிவாரணம் போன்றவை மாறிக்கொண்டே இருப்பதால், அடுத்த ஆண்டு பத்தாம் பகுதிக்கான தகவலை மட்டும் புதிதாகத் தேடினால் போதும், தாள் அப்படியே இருக்கலாம்.